அடுப்புக்கு ஓர் ஓட்டு

மச்சான்,

பக்கத்து வீட்டில் நாளை கல்யாணம். நம் சங்கத்து அண்டாக்களைத் தெருவில் உருட்டிப் போட்டுப் புளி போட்டுத் தேய்க்கிறார்கள். அந்த வாடை வந்ததும் உனக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன். நான்தான் எழுதுகிறேன், நம்பு. முதியோர் பள்ளியில் இந்த வயதில் கற்றுக்கொண்டேன். ஒரு வரி முடிவதற்குள் வாயில் போட்ட வெற்றிலை தீர்ந்துவிடுகிறது. ஆனாலும் இனிக்கிறது.

அப்போதெல்லாம் விசேஷம் என்றால் கொத்தமங்கலத்துப் பெரிய வீட்டு வாசலில் நின்று பாத்திரம் கேட்க வேண்டும். பதிலுக்கு அங்கே சும்மா வேலை செய்ய வேண்டும். நமக்கென்று பாத்திரம் வாங்கி, சங்கமாகப் பதிவு செய்வோம் என்று நீ கிளம்பினாய். இவனுக்கு இதில் என்ன கிடைக்கப் போகிறது என்றுதான் எனக்குத் தோன்றியது.

சாவடியில் கூடினோம். நீ விதிகளை வாசித்தாய்.

"எழுதினதைத்தான் வாசிக்கிறியா மச்சான், இல்ல வாயில வந்ததையா?" என்றேன்.

"அங்குட்டு நாச்சியாபுரத்துல யாரையாச்சும் கூட்டிட்டு வா. அவரு வாசிக்கட்டும்" என்றாய்.

மறுவாரம் நம்மைத் தெரியாத ஒருவரைக் கூட்டி வந்தேன். அவரும் அதையேதான் வாசித்தார். கோயில் வரிக்குக் குடும்பங்களை எண்ணுவதைப் போலவே, கல்யாணமான ஆணுக்கு ஒரு தலைக்கட்டு, ஓர் ஓட்டு. ஆண் இல்லாத வீடு அரைத் தலைக்கட்டு, ஓட்டு இல்லை. அத்தனை சந்தேகப்பட்ட எனக்கும் அது தவறாகப் படவில்லை.

முத்தம்மா முன்னால் வந்தாள். புருஷனை இழந்தவள், தை மாதம் மகளுக்குக் கல்யாணம்.

"அரைத் தலைக்கட்டுன்னா எனக்கு அரை அண்டாவா குடுப்பீக? இல்ல, பழையபடி பெரிய வீட்டு வாசல்லயே போயி நிக்கவா?"

நீ அந்த வரியை அடித்தாய். "அடுப்பு எரியிற வீட்டுக்கெல்லாம் ஒரு ஓட்டு. சரியா?"

நான் விடவில்லை. "நாளைக்கே உன் தம்பி தனி அடுப்பு மூட்டுவான். அப்புறம் அண்ணன் தலைவரு, தம்பி செயலாளரு."

"ஒரு குடும்பத்துல ஒருத்தர்தான் நிர்வாகத்துல இருக்கணும்னு எழுதிருவோம். இன்னும் என்ன வச்சிருக்க? கொட்டுடா."

இரண்டு வருஷத்துக்கு மேல் யாரும் செயலாளராக இருக்கக் கூடாது என்றேன். அதையும் எழுதினாய்.

தை மாதம் முத்தம்மா வீட்டுக் கல்யாணச் சோறு நம் அண்டாவில் வெந்தது. அவள் யார் வாசலிலும் நிற்கவில்லை. இரண்டு வருஷம் முடிந்ததும் என் விதி முதல் செயலாளரான உன்னைத்தான் இறக்கியது. பாத்திர அறைச் சாவியை அடுத்த செயலாளரான முத்தம்மாவிடம் நீட்டியபோது உன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன், ஏதாவது தெரிகிறதா என்று. ஒன்றும் தெரியவில்லை.

நீ கண்மூடிப் போன பிறகும் செயலாளர்கள் மாறிக்கொண்டே இருக்கிறார்கள். ஒவ்வொரு கூட்டத்துக்கும் முதல் ஆளாகப் போய் உட்கார்ந்து கேள்வி கேட்கிறேன். ஒருவரையும் நான் நம்பவில்லை. சங்கம் நன்றாக நடக்கிறது.