வளைவில் இருந்த மூன்று ட்ரம்

ஜூன் 12, வியாழன். விடாத மழை.

என் தங்கை செல்வியை ஏப்ரலில் டெம்போ இடித்தது. ஸ்டேஷனில் 'வழுக்கி விழுந்தார்' என்று எழுதினார்கள். நடந்த அநியாயம் இதுதான்.

இன்று ஆஸ்பத்திரி. கட்டுப் பிரித்தாயிற்று. மணிக்கட்டு சற்றுக் கோணல். திங்கள் முதல் தெருக்கூட்டப் போகிறாளாம். அதே பஜார் வளைவு, அதே விடியற்காலை.

"அன்னிக்கு எதுக்குடி தலையாட்டினே?"

"போலீசுகாரர் 'வீணதல்லே சேச்சி', நீயா விழுந்ததுதானேன்னு சிரிச்சுட்டே கேட்டாரு. வண்டி ஓட்டினது நம்ம தெருப் பையன். ஆமான்னுட்டேன். பின்னயும் தொடங்காதீங்க அண்ணா."

உளுந்து வாங்க வேண்டும். குடைக்குக் கம்பி.

ஜூன் 13, வெள்ளி.

வளைவுக்குப் போனேன். ட்ரம் மூன்றும் இல்லை. மணல் நிரப்பிய சிவப்பு வெள்ளை ட்ரம். போன வருடம் மீன்காரர் ஒருவர் அங்கே செத்த பின் போலீஸ் வைத்தது. ஏப்ரலில் டெம்போ முதலில் ட்ரம்மில் மோதி, வேகம் குறைந்துதான் இவள்மேல் வந்தது. அதனால் கையோடு போயிற்று.

சாயாக்கடை நாசர்: "அண்ணாச்சி, அதொக்க வேற ஜங்ஷனுக்குக் கொண்டுபோயாச்சு. இங்க இந்த வருஷம் ஆக்சிடென்டே இல்லல்லோ. உங்க தங்கச்சி வழுக்கி விழுந்ததுதானே?"

கடையே சிரித்தது. பாதி சாயாவோடு எழுந்து வந்தேன்.

ஜூன் 14, சனி.

ஸ்டேஷன். எஸ்.ஐ. சின்ன வயது. மரியாதைக்குக் குறைவில்லை. மலையாளி, அரைத் தமிழ்.

"சேட்டா, விபத்தைப் பாதியாக் குறைக்கணும்னு மேலேந்து டார்கெட்டுண்டு. ஆக்சிடென்ட் லிஸ்ட்ல உள்ள வளைவுக்கே ட்ரம் போதாது. லிஸ்ட்ல இல்லாத இடத்துக்கு எங்ஙனெ தர?"

"எழுதினாத்தானே லிஸ்ட்ல வரும்?"

"சேச்சி வந்து சொல்லட்டே."

டார்கெட் கூடாது என்று நான் சொல்லவில்லை. அது வந்த பிறகுதான் இங்கே ட்ரம்மே வந்தது. முன்பெல்லாம் செத்தால் அழுவோம், அவ்வளவுதான். ஆனால் அடிபட்டதை எழுதாமல் குறைத்தால், அடுத்தது எங்கே என்று யாருக்குத் தெரியும்? எனக்குத் தெரியும்.

செல்வியிடம் சொன்னேன். "அந்தப் பையனோட லைசென்ஸ் போயிடும்ணா." கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஜூன் 15, ஞாயிறு. மறுபடி மழை.

வளைவில் விளக்கு எரியவில்லை. மதிலில் புதுக் கீறல், நீலப் பெயின்ட். அவள் துடைப்பம் சாத்தி வைக்கும் இடம். யாரும் பார்க்கவில்லையாம்.

செய்ய வேண்டியவை:

நடந்ததை நடந்தபடி எழுத – போலீஸ்.
ட்ரம்மைத் திரும்ப வைக்க – அவர்களே.
விளக்கு – கவுன்சிலர்.
உண்மையைச் சொல்ல – செல்வி. மாட்டாள்.
டார்ச்சுக்கு பேட்டரி – நான். கடை அடைப்பு.
நாளை விடியுமுன் ட்ரம் இருந்த இடத்தில் நிற்க – நான். சிவப்புத் துண்டு இருக்கிறது.