நீட்டு டிக்கி வண்டியின் விலை

ஐப்பசி 6, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். கடையில் ஆளில்லை. கோழிக்குச் சளி பிடித்தால்தான் என் மருந்துக் கடைக்குக் கூட்டம். நாளை வருவார்கள்.

புது வண்டி வாங்குவது என்று முடிவு. பழைய வண்டி இனி ஆகாது. சீட்டு என் நெஞ்சு உயரம். போர்வெல் வண்டியில் பைப் சரிந்து என் வீட்டுக்காரர் முதுகில் விழுந்து மூன்று வருஷம். இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. வியாழன்தோறும் சேலத்தில் பிசியோதெரபி. அவர் தம்பி செல்வம் வந்து அக்குளில் கைகொடுத்துத் தூக்கிச் சீட்டில் உட்கார வைப்பார். அந்த நேரம் இவர் கண்ணை மூடிக்கொள்வார். மூன்று வருஷமாக, ஒவ்வொரு வியாழனும்.

புதிதாக வந்திருக்கும் ஸ்டேஷன் வேகன்தான் தோது. தாழ்ந்த சீட்டு. பின்னால் நீளமான டிக்கி, சக்கர நாற்காலியை மடக்காமலே ஏற்றலாம். செல்வத்திடம் படத்தைக் காட்டினேன்.

"ஏனுங்க அண்ணி, அமரர் ஊர்தியாட்டம் இருக்குதுங்க. ஒசரமா ஒண்ணு எடுத்தா ஊருக்குள்ள ஒரு கெத்துங்க."

கெத்தாம். ஐம்பது வயசில் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு மொபெட் ஓட்டுகிறவருக்குக் கெத்து.

"சரிங்க, சேலம் சூரமங்கலத்துல நமக்குத் தெரிஞ்ச ஆளு இருக்கறான். வெலயெல்லாம் நான் பேசிக்கறேன்."

இருபது வருஷமாகப் பண்ணைக்காரர்களிடம் விலை பேசிப் பிழைப்பவள் நான். செல்வம் பேசிக்கொள்கிறாராம்.

ஐப்பசி 8, வியாழன்

பிசியோதெரபி முடிந்து நேரே சூரமங்கலம் ஷோரூம். ஏ.சி. குளிர். காபி வெந்நீர்.

டை கட்டிய சேல்ஸ்மேன் கிஷோர். முப்பது வயசிருக்கும். பணம் கட்டப்போவது நான். பேசியதெல்லாம் செல்வத்திடம். மைலேஜ் செல்வத்துக்கு, கலர் செல்வத்துக்கு. எனக்கு மட்டும், "மேடம், வேனிட்டி மிரர் இருக்குதுங்க." பொட்டு வைத்துக்கொள்ளவாம்.

நாற்காலியில் இருந்த இவரைக் காட்டி, "சாருக்குக் கால் வராதுங்களா?" என்று அதையும் செல்வத்திடமே கேட்டான்.

இவர் சொன்னார்: "கால்தான் வராது சாமி. காது நல்லா வரும்."

டை கட்டியவன் முகம் போன போக்கு! இந்த மாசத்தில் நான் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

உட்கார்ந்து பார்க்கவேண்டும் என்றேன். டிஸ்ப்ளே வண்டியாம், சீட்டு கவர் கெட்டுவிடுமாம். பேசாமல் அவனையே பார்த்துக்கொண்டு நின்றேன். கதவைத் திறந்துவிட்டான். கொண்டுபோயிருந்த டேப்பால் அளந்தேன். சீட்டும் நாற்காலியும் ஒரே உயரம், ஒரு விரல்கடைதான் வித்தியாசம். இவர் பிசியோதெரபிப் பலகையை நாற்காலிக்கும் சீட்டுக்கும் நடுவே போட்டு, கை ஊன்றிப் பாதி நகர்ந்தார். கை வழுக்கியது. செல்வம் பாய்ந்து தூக்கிவிட்டார். இவர் மறுபடி கண்ணை மூடிக்கொண்டார்.

ஆனால் பாதி நகர்ந்தார். அதை நான் பார்த்தேன்.

விலைச் சீட்டு கொடுத்தான். வண்டி விலைக்குக் கீழே ஒரு வால்: பெயிண்ட் பூச்சு, மேட், மட்பிளாப், 'எசென்ஷியல் கிட்', அவர்கள் சொல்லும் கம்பெனியில்தான் இன்சூரன்ஸ். கடைசியில் ஹேண்ட்லிங் சார்ஜ்.

"ஹேண்ட்லிங்னா என்னங்க?"

"வண்டிய நாங்க ஹேண்டில் பண்றதுங்க மேடம்."

விற்கிற வண்டியைத் தொடுவதற்குக் கூலி. எங்கள் ஊர்ச் சந்தையில் கத்தரிக்காய் விற்கும் அம்மா காயை எடுத்து நிறுத்துப் போடக் கூலி கேட்பதில்லை. அவளுக்கு டை இல்லை.

"இப்பவே புக் பண்ணிடுங்க. மூணு மாசம் வெயிட்டிங் ஓடுது."

செல்வம் தலையாட்டினார். பூம்பூம் மாடு தோற்றது.

ஐப்பசி 10, சனி

கடையைச் சாத்திவிட்டு பஸ்ஸில் ஈரோடு. இன்னொரு ஷோரூம். அங்கேயும் ஒரு டை. ஆனால் ஹேண்ட்லிங் இல்லை, பூச்சு வேண்டாமென்றால் வேண்டாம். எழுபதாயிரம் குறைவு. எழுத்தில் வாங்கிக்கொண்டேன். ஆனால் சர்வீசுக்கெல்லாம் ஈரோடு போய்வர முடியாது. சேலத்தில்தான் எடுக்கவேண்டும், ஈரோட்டு விலைக்கு.

பஸ்ஸில் முன் சீட்டில் ஒருவன் போனில்: "நாயமான வெலன்னு ஒண்ணு கெடயாதுடா. ஏமாந்த வெல, ஏமாறாத வெல, அவ்வளவுதான்." முட்டாளாகத்தான் இருக்கவேண்டும், செருப்பை சீட்டின்மேல் வைத்திருந்தான். ஆனால் சொன்னது சரி.

ஐப்பசி 12, திங்கள்

நல்ல மழை. செல்வமும் நானும் மட்டும் பஸ்ஸில் சூரமங்கலம்.

கழிப்பறைக்கென்று ஷோரூமுக்குப் பின்னால் போனேன். வேப்பமரத்தடியில் அதே வண்டி, இரண்டு. கண்ணாடியெல்லாம் இலை, டயரில் புல். வாட்ச்மேன் குடையோடு வந்தார்.

"இந்த நீட்டு டிக்கி வண்டிங்களாம்மா? வந்த நாள்லேர்ந்து இங்கயேதான் நிக்குது. ஒருத்தரும் சீந்தல."

மூன்று மாச வெயிட்டிங்! காத்துக்கொண்டிருந்தது வண்டி.

உள்ளே போய் ஈரோட்டு விலைச் சீட்டை மேசைமேல் வைத்தேன்.

"மேடம், அவங்க சர்வீஸ் நல்லா இருக்காதுங்க."

"உங்க வேப்பமரத்தடில ரெண்டு நிக்குதே, அதுக்கு என்ன சர்வீஸ் பண்றீங்க?"

பேனாவை எடுத்தான். பூச்சு போனது. கிட் போனது. இன்சூரன்ஸ் நானே போட்டுக்கொள்கிறேன் என்றேன், அதுவும் போனது. ஹேண்ட்லிங்கில் மட்டும் நின்றான்.

"அது மட்டும் முடியாதுங்க மேடம். அதுலதானே செல்வம் சாருக்கு..."

பாதியில் நிறுத்திவிட்டான். நான் செல்வத்தைத் திரும்பிப் பார்த்தேன். அவர் சுவரிலிருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அதையும் அடிங்க" என்றேன். மேனேஜர் வந்தார், கணக்குப் போட்டார், பெருமூச்சு விட்டார். நடிப்பு மோசம். அடித்தார். ஈரோட்டைவிட நாலாயிரம் கீழே. முன்பணம் கட்டி ரசீது வாங்கினேன்.

திரும்பும் பஸ்ஸில் செல்வம் மெதுவாக: "நானாக் கேக்கலீங்க அண்ணி. அவனாத்தான் தாரேன்னான்."

"தூக்கறதுக்குக் கூலிங்களா தம்பி?" என்றேன்.

ஊர் வருமுன்பே ராசிபுரத்தில் இறங்கிப் போய்விட்டார். குடையை விட்டுவிட்டார்.

வீட்டில் எல்லாவற்றையும் சொன்னேன். இவர் பாராட்டுவார் என்று நினைத்தேன்.

"எனக்குத் தெரியும் அம்மிணி."

"என்ன தெரியும் மாமா?"

"கமிசனு. அவனே வந்து சொன்னான். வாங்கிக்கடான்னு நாந்தான் சொன்னேன். மூணு வருசமாத் தூக்கறான், ஒரு டீக்குக் கை நீட்டிருப்பானா?"

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாமுல்ல?"

"சொன்னா நீ உடுவியா?"

விடமாட்டேன்தான். என் கடைக் காசு. ஒளித்து எடுப்பதற்குப் பெயர் கூலி அல்ல. நான் கேட்டது சரி. கேட்ட வார்த்தை தப்பு. இரண்டையும் எழுதி வைக்கிறேன்.

ஐப்பசி 15, வியாழன்

வெயில். எட்டு மணிக்கு இவர் சட்டை போட்டுத் தயார். எட்டரை. ஒன்பது. செல்வம் வரவில்லை. பத்து மணிக்கு இவரே சட்டையைக் கழற்றினார். பிசியோதெரபி இல்லை.

"நாயமான வெலைக்கு வாங்கிட்டே" என்றார். அவ்வளவுதான்.

மருந்து கடன் கேட்டு வந்த பண்ணைக்காரன்மேல் எரிந்து விழுந்தேன். பாவப்பட்டவன்கூட இல்லை அவன், ஆனாலும் அப்படிப் பேசியிருக்கக்கூடாது.

ஐப்பசி 22, வியாழன்

வாடகை வேன், தூக்க ஆளோடு. டிரைவர் காதிலிருந்து போனை எடுக்காமலே, கிளீனரோடு சேர்ந்து இவரைத் தூக்கினான். மாட்டுத் தீவன மூட்டை ஏற்றுகிறவர்கள்கூட இதைவிடப் பார்த்து ஏற்றுவார்கள். முழங்கை கதவில் உரசி ரத்தம்.

"ஏப்பா, மெதுவா" என்றேன்.

"வெயிட்டா இருக்காருங்க."

செல்வம் தூக்கியபோது ஒரு தடவைகூட உரசியதில்லை. மூன்று வருஷத்தில் எத்தனை வியாழன் என்று எண்ணப் பார்த்தேன். எண்ணவில்லை.

ஐப்பசி 28, புதன்

டெலிவரி. வண்டிமேல் சிவப்புத் துணி. இழுங்கள் என்றார்கள். இழுத்தேன். நாலு பேர் கைதட்டினார்கள். கேக் வேறு. வண்டிக்குப் பிறந்தநாளாம். கிஷோர் பல்லைக் காட்டினான்: "அஞ்சு ஸ்டார் போட்டுடுங்க மேடம்." அதற்கு ஹேண்ட்லிங் சார்ஜ் எவ்வளவு ஆகும் என்று கேட்டேன். சிரிப்பு நின்றது.

நானே ஓட்டி வந்தேன். தெருவில் மூன்று பேர் விசாரித்தார்கள். இரண்டு பேருக்கு அமரர் ஊர்தி. ஒருவருக்கு ஆம்புலன்ஸ். நாமகிரிப்பேட்டையில் எல்லோருக்கும் ஒரே கற்பனை.

சாயங்காலம் செல்வத்துக்குப் போன். நாலு தடவை எடுத்து நாலு தடவை வைத்தபின்.

"வண்டி வந்துருச்சுங்க தம்பி. நாளைக்கு வியாழன்."

அந்தப் பக்கம் மொபெட்டை நிறுத்தும் சத்தம். பிறகு, "வாரேனுங்க."

மன்னிப்புக் கேட்கவில்லை. அவரும் கேட்கவில்லை.

ஐப்பசி 29, வியாழன்

மேகமூட்டம், மழையில்லை. எட்டு மணிக்கு மொபெட் சத்தம். கறுப்புக் கண்ணாடி. செல்வம் இறங்கியதும் வழக்கம்போல இவருடைய அக்குளுக்குக் கை நீட்டினார்.

"தள்ளி நில்றா" என்றார் இவர். என்னிடம், "நீ அந்தப் பக்கம் திரும்பிக்க."

நான் கேட்டைப் பார்த்துத் திரும்பி நின்றேன். பலகை வைக்கும் சத்தம். மூச்சு. நிற்கும். மறுபடி மூச்சு. ஏதோ இடித்தது, திரும்பவில்லை. எதிர்வீட்டுக்காரர் பல் விளக்குவதை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார். அவரை முறைத்துக்கொண்டே நின்றேன். ஐந்து நிமிஷமாவது இருக்கும்.

கதவு சாத்தும் சத்தம்.

திரும்பினேன். இவர் உள்ளே. சட்டை முழுக்க வேர்வை. கண் திறந்திருந்தது.

செல்வம் நீட்டிய கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றார். மூக்கைச் சிந்தினார், புது வண்டி டயருக்குப் பக்கத்திலேயே. பிறகு நாற்காலியை உருட்டிக்கொண்டுபோய் டிக்கியில் ஏற்றினார். மடக்காமல். மொபெட் பக்கம் நடந்தார்.

இவர் கண்ணாடியை இறக்கினார். "எங்கடா போற? பின்னால ஏறு."

"நான் எதுக்குண்ணா? அதான் நீயே..."

"பேச்சுக்கு ஆள் வேண்டாமா? இவ ஓட்டறப்ப வாயத் தொறக்கமாட்டா."

ஏறினார். சேலம் வரைக்கும் வாய் மூடவில்லை.