ஹாம்பர்க்கில் ரயில் மாற வேண்டும்

குமாசி,
ஜூன், மழை விடாத ஒரு வியாழக்கிழமை.

அன்பு மகள் போத்தேமாவுக்கு அம்மா எழுதிக்கொள்வது.

எல்லோரும் நலம் என்று எழுதத்தான் ஆசை. முழு நலம் என்று சொல்ல முடியாது, நடமாடிக்கொண்டிருக்கிறோம். உன் நலத்தை அறிய எத்தனை ஆவல் என்று உனக்கே தெரியும்.

இந்தக் காலத்தில் யார் கடிதம் எழுதுகிறார்கள் என்று சிரிப்பாய். போனை எடுத்தாலே உன் அப்பா ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறார், நீ இருமினால்கூடத் தெருவுக்கே கேட்கிறது. அதனால்தான் ஹாம்பர்க் திரும்பும் கொனாதுவின் கையில் கொடுத்தனுப்புகிறேன். வழக்கம்போல் அந்த ஆப்பிரிக்கச் சாமான் கடையில் வைத்துவிட்டுப் போவாள். உனக்கு எதை அனுப்பினாலும் இத்தனை வருஷமாகக் கடைக்குத்தான் போகிறது. வீட்டு விலாசத்தை நீ தந்ததும் இல்லை, நான் கேட்டுக் குடைந்ததும் இல்லை.

எங்கள் ஐரோப்பாப் பயணம் முடிவாகிவிட்டது. இரண்டு வாரம், நான்கு ஊர். அந்த நான்கு ஊரைப் பொறுக்குவதற்குள் இந்த வீடு பட்ட பாட்டைக் கேள். கொக்கோ கம்பெனியிலிருந்து ஓய்வு பெற்ற மறுநாளே உன் அப்பா ஒரு வரைபடம் வாங்கிவந்து சாப்பாட்டு மேசையில் விரித்துவிட்டார். கென்கே மாவுருண்டையையும் மீனையும் நாங்கள் மடியில் வைத்துத்தான் சாப்பிட்டோம். வருகிறவன் போகிறவன் எல்லாம் யோசனை சொன்னான். பாரிஸ் போகாமல் வந்தால் போனதாகவே கணக்கில்லை என்றான் பக்கத்து வீட்டுக்காரன். அவன் நம் தலைநகர் அக்ராவைத் தாண்டியதில்லை.

ஆனால் அப்பா முதலில் விரலை வைத்தது ஹாம்பர்க்கின் மேல்தான். "மத்த ஊரெல்லாம் சும்மா. ஒரு வாரம் எம்பொண்ணு வீட்ல கால நீட்டிக்கிட்டு ஒக்காரப் போறேன்" என்று கோயிலில் பாதிரியார் வரைக்கும் சொல்லிவைத்தார். நீயோ ஜூலையில் இரவு வேலை என்றாய். வீட்டுக்கு வெள்ளையடிக்கிறார்கள் என்றாய். ரோம் பாருங்கள், பாரிஸ் பாருங்கள், இங்கே வெறும் மழைதான் என்றாய். போனை வைத்தபின் அவர் வரைபடத்தை மடித்துவைத்தார். அச்சியா அத்தைக்குச் சொல்லவா வேண்டும்? "நர்சம்மாவுக்கு நம்ம மொகத்தக் காட்ட வெக்கமா இருக்கு போல. உள்ள ஒரு வெள்ளக்காரன ஒளிச்சு வச்சிருக்காளோ என்னவோ" என்று தம்பியான உன் அப்பாவின் காதில் ஓதிவிட்டுப் போனாள். அவள் வாயில் மண் விழ.

எனக்கும் உன்மேல் கோபம்தான் வந்தது, பொய் சொல்லவில்லை. அது தீர்ந்தது பயண ஏற்பாட்டுக்காரி ரெஜினாவின் அலுவலகத்தில். மகள் வீட்டில் தங்குவதென்றால் மகள் ஓர் அழைப்புக் கடிதமும், அங்கே தங்க அரசாங்கம் தந்த அட்டையின் நகலும் அனுப்ப வேண்டுமாம். அப்பா அங்கேயே உன்னைக் கூப்பிட்டார். ஓட்டல் போடுவதுதான் சுலபம் என்று சொல்லி நீ வைத்துவிட்டாய். ரெஜினா என்னைப் பார்த்து, "அட்ட இருக்கறவங்க அஞ்சு நிமிஷத்துல அனுப்பிருவாங்க மம்மி" என்றாள். குத்திக்காட்டவில்லை, இரக்கமாகத்தான் சொன்னாள்.

அப்போதுதான் வெரெகோ மாமாவின் சாவு நினைவுக்கு வந்தது. தாய்மாமன் சாவுக்கு வராத பெண் நம் ஜனத்தில் உண்டா? கடன் வாங்கியாவது வந்து விழுவாள். லீவு கிடைக்கவில்லை என்று நீ சொன்னதை நான் ஊர் முழுக்கச் சொல்லி, உனக்காக வாதாடினேன். இங்கே வந்தால் திரும்ப அங்கே உள்ளே விடமாட்டார்கள் என்பதுதான் காரணம் என்று இந்த மரமண்டைக்கு ஏறவில்லை. நீ அங்கே ஒற்றையில் எப்படி அழுதிருப்பாயோ. நீ நர்ஸா இல்லையா, வீடு உண்டா இல்லையா, எனக்கு ஒன்றும் வேண்டாம். நீ எதையும் விளக்க வேண்டாம்.

அன்றிரவே ஹாம்பர்க்கைப் பட்டியலிலிருந்து நானே அடித்துவிட்டேன். எனக்கு ரோமில்தான் ஒரு வாரம் வேண்டும், செத்துப்போவதற்குள் பேதுரு கோயிலில் முழங்கால் போட வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தேன். "பெத்த பொண்ண விட்டுட்டு கோயிலா கேக்குது ஒனக்கு? நீயெல்லாம் ஒரு தாயா?" என்று உன் அப்பா கத்தினார். கத்தட்டும். அந்தக் கோபம் உன்மேல் விழுவதைவிட என்மேல் விழட்டும். ஒரு வாரம் என் கையால் சோறு வாங்கவில்லை, அக்கா வீட்டில் சாப்பிட்டார்.

ரோம், பாரிஸ், ஆம்ஸ்டர்டாம் முடிவானது. நாலாவதாக நான் கோபன்ஹேகன் என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். "அங்க என்னடி இருக்கு, குளிர்ல வெறச்சுப்போகவா?" என்றாள் அத்தை. கடலோரத்தில் ஒரு கடற்கன்னிச் சிலை இருக்கிறதாம், பார்க்க வேண்டும் என்றேன். விமானம் ஏறி இறங்கினால் காது அடைக்கிறது, ரயில்தான் வேண்டும் என்றும் சொன்னேன். ரெஜினா மட்டும் சிரிக்கவில்லை. ஆம்ஸ்டர்டாமிலிருந்து ரயிலில் போனால் ஹாம்பர்க்கில் மாற வேண்டும் என்று முன்பே எனக்குச் சொன்னவள் அவள்தானே.

ஜூலை பதினெட்டு, மத்தியானம். இரண்டு மணி நேரம் அந்த நிலையத்தில் காத்திருப்போம்.

கொனாதுவிடம் ஷித்தோ மிளகாய்த் தொக்கு ஒரு போத்தல் அனுப்பியிருக்கிறேன். அதன் மேல் சுற்றியிருக்கும் துணியைத் தூக்கி எறிந்துவிடாதே. வெரெகோ மாமாவை அடக்கம் செய்த மறுநாள், கோயிலில் நன்றி ஞாயிறு அன்று குடும்பமே உடுத்திய அந்த வெள்ளையும் கறுப்புமான துணி. ஒரே கட்டுத் துணியிலிருந்து எல்லோருக்கும் வெட்டியபோது உன் பங்கையும் வெட்டி எடுத்துவைத்தேன். அதைத் தலையில் கட்டிக்கொண்டு வா. நானும் அதைத்தான் உடுத்தியிருப்பேன். நிலையத்தில் போலீஸ் காகிதம் கேட்கும் என்றால் கிட்டே வராதே. எதிர்ப்பக்க நடைமேடையில் ஜனத்தோடு ஜனமாக நில். நிலையத்துக்கு வெளியே நிற்பாய் என்றால் நான் வந்து பார்க்கிறேன். அதுவும் ஆபத்து என்றால் வரவே வேண்டாம், கண்ணு. நான் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

அப்பாவுக்குச் சிறுநீரகம் சரியில்லை. இந்த வருஷம் தாராளமாகப் போய்வாருங்கள் என்றார் டாக்டர். அடுத்த வருஷத்தைப் பற்றிக் கேட்டதற்கு மருந்துச் சீட்டை எழுதிக்கொண்டே இருந்தார்.

இன்னொன்று. அவருக்கு ஒன்றும் தெரியாது என்றுதான் நேற்றுவரை நினைத்திருந்தேன். டிக்கெட் வந்ததிலிருந்து என்னைத் திட்டுவதை நிறுத்தியிருந்தார், கோபம் ஓய்ந்தது என்று விட்டுவிட்டேன். நேற்று அவர் பெட்டியில் சாக்ஸ் வைக்கப் போனபோது, எல்லாவற்றுக்கும் அடியில் அந்தத் துணியில் தைத்த அவர் சட்டை மடித்து வைத்திருந்தது. நன்றி ஞாயிற்றுக்குப் பின் அவர் அதைத் தொட்டதே இல்லை. போத்தலில் உன் பங்குத் துணியைச் சுற்றியதைப் பார்த்திருப்பார் போல. மேலே சாக்ஸை வைத்து மூடிவிட்டேன்.

நீ போகும் வழியெல்லாம் மாதா உனக்கு முன்னால் நடக்கட்டும். யார் கண்ணிலும் படாமல் உன்னை மறைத்துக் காக்கட்டும். அன்று ஒரு மத்தியானம் மட்டும் எங்கள் இரண்டு பேர் கண்ணிலும் படும்படி விடட்டும்.

உன்னையே நினைத்திருக்கும்
அம்மா