அவுன்ஸ் கிளாஸில் எஞ்சின் எண்ணெய்

இன்று காலை மருந்து அளக்கும் உன் அவுன்ஸ் கிளாஸை எடுத்து முகர்ந்து பார்த்தேன். விளிம்பில் கீறல் விழுந்துவிட்டதென்று ஆஸ்பத்திரியில் ஒதுக்கியதை நீ எனக்காகக் கொண்டுவந்தது. மருந்து வாசனை எப்போதோ போய்விட்டது. சீயக்காய் போட்டுத் தேய்த்தாலும் போகாத எஞ்சின் எண்ணெய் வாசனைதான் இருக்கிறது.

கிளாஸைக் கையில் வைத்திருந்தபோதே வாசலில் அப்பாவின் குரல் கேட்டது. "ரெண்டு பொம்பளைப் புள்ளைங்க வச்சிருந்த வண்டிங்க. அலுங்காம குலுங்காம இருக்கும்." பல்லாவரத்திலிருந்து ஒருவரை அழைத்து வந்திருந்தார். சிநேகிதிகள் நாம் இருவரும் சேர்ந்து வாங்கிய மோட்டார் சைக்கிளை விற்க.

நீ போய் நாற்பது நாள்கூட ஆகவில்லை.

மஞ்சள் காமாலை என்று டாக்டர் எழுதியதை எல்லோரும் பார்த்தார்கள். நீ நர்ஸாக நடமாடிய வார்டிலேயே மூன்று வாரம் படுத்திருந்தாய். இருந்தும் கல்லறைத் தோட்டத்தில் என் காதுபடவே பேசினார்கள். "வண்டி வண்டின்னு வெயில்ல சுத்தினா ஈரல் காயாம என்ன செய்யும்?" நான் கையில் பூவோடு நின்றேன். பதில் நெஞ்சில் இருந்தது, வாயில் வரவில்லை. நீ பக்கத்தில் இருந்திருந்தால் இடுப்பில் இடித்திருப்பாய். "பேசுடீ டீச்சர். பசங்களுக்கு முன்னாடி மட்டும் நல்லா பேசுற."

நாம் அந்த வண்டியை வாங்கியது ஆசைக்காக அல்ல. எங்கள் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போனவள் நான். பி.எஸ்ஸி. முடித்து, டீச்சர் டிரெயினிங் முடித்து, கிடைத்த வேலை பஸ் இரண்டே வேளை வரும் ஊரில். காலை பஸ் வந்து சேரும்போது பிரேயர் முடிந்திருக்கும். இன்னும் ஒரு முறை தாமதமானால் மேலிடத்துக்கு எழுதி அனுப்பிவிடுவேன் என்று ஹெட்மாஸ்டர் சொல்லிவிட்டார். உனக்கோ, விடிவதற்குள் டியூட்டிக்கு நிற்க வேண்டும். சேலையூரிலிருந்து அந்த நேரத்துக்கு ஏது பஸ்? "ரெண்டு பேருக்கும் ஒரே வியாதி. ஒரே மருந்து போதும்" என்றாய்.

ஆஸ்திரேலியாவுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த ஆங்கிலோ இந்திய ரயில்வே டிரைவர் ஒருவரின் வீட்டில் வண்டி இருந்தது. இருநூற்றைம்பது சிசி, மெரூன் நிறம், டேங்க்கில் ஒரு நசுங்கல். பெட்டி கட்டியபடியே அவர் கேட்டார், "உங்க பிரதர் வரலையா? ஓட்டிப் பார்க்க வேண்டாமா?" நீ சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, உதைத்துக் கிளப்பி, அந்தத் தெருவை இரண்டு சுற்று சுற்றி வந்தாய். உன் அண்ணன் வண்டியில் திருட்டுத்தனமாகக் கற்றதென்று எனக்கு மட்டும்தான் தெரியும். ஆர்.சி. புக் என் பெயரில்தான் இருக்க வேண்டும் என்று நீயே பிடிவாதம் பிடித்தாய். "எனக்கு ஒரு ஊர்ல நிக்கற வேலை இல்ல. அதோட, உன் கையெழுத்துதான் அழகா இருக்கும்." அது எதற்கு உதவும் என்று அன்று நம் இருவருக்கும் தெரியாது.

மேற்குத் தாம்பரம் மெக்கானிக் பாயிடம் வண்டியைச் செப்பனிட விட்டோம். ஒற்றை சீட்டை எடுத்துவிட்டு நீள சீட், புது கிளட்ச் பிளேட், நல்ல ஹெட்லைட். நாம் கேட்காமலேயே பின்சக்கரத்தின் இடப்பக்கம் சேலை கார்டும் மாட்டி வைத்திருந்தார்.

"இன்னாத்துக்கு பாய் இது?" என்று நீ அவர் பாஷையிலேயே கேட்டாய்.

"பின்னாடி உக்கார்ற லேடீஸுக்கும்மா. சேலை சக்கரத்துல மாட்டிக்கினா பேஜாரு."

"சரி. முன்னாடி உக்கார்ற லேடீஸுக்கு?"

பாய் ஸ்பேனரோடு தலையைச் சொறிந்தார். முப்பது வருஷத்தில் அவரிடம் அதை யாரும் கேட்டதில்லை. மறுநாள் தகரத்தை வளைத்து எஞ்சின் பக்கமும் ஒரு மறைப்புச் செய்து, செயினுக்கு முழு மூடி போட்டு, தாமே பார்த்துப் பார்த்துச் சிரித்துக்கொண்டார். "மெட்ராஸ்லயே இது ஒண்ணுதான் கீது."

கேம்ப் ரோடு டீக்கடைப் பையன்கள் முதல் நாளே கூவினார்கள். "மச்சான், வண்டியில ரெண்டும் பொண்டாட்டி! புருஷன் எங்கடா?" நீ வேகத்தைக் குறைத்தாய். நான் உன் முதுகுக்குப் பின்னால் முகத்தை ஒளித்துக்கொண்டேன். "வூட்ல சோறு வடிக்கறாரு. பசிச்சா போய் கஞ்சி வாங்கிக் குடிங்கடா" என்று சொல்லிவிட்டு நீ கிளம்பினாய். சிரிப்பு நமக்குப் பின்னால் வெகு தூரம் வந்தது. அவர்கள் சிரிப்பில் பாதி அன்று நம் பக்கம்.

அந்த வண்டிக்கு வெறும் பெட்ரோல் ஆகாது. எண்ணெய் கலந்துதான் ஊற்ற வேண்டும், இல்லாவிட்டால் எஞ்சின் காய்ந்து பிடித்துக்கொள்ளும். அதற்குத்தான் அவுன்ஸ் கிளாஸ். "நோயாளிக்கு டானிக் குடுக்கற மாதிரி. கூடவும் கூடாது, குறையவும் கூடாது." முதலில் எண்ணெய், அதன் மேல் பெட்ரோல். அதை அளந்து ஊற்றுவது என் வேலை. நான் செய்த ஒரே வேலையும் அதுதான்.

அதையும் கெடுத்தேன். அன்று பெட்ரோல் பங்க்கில் நீ சக்கரத்துக்குக் காற்றடிக்கப் பம்ப் கேட்டுப் போயிருந்தாய். என்னைச் சுற்றி நான்கைந்து ஆண்கள், ஸ்கூட்டர்களில். பங்க்காரர் என் முகத்தைக்கூடப் பார்க்காமல் டேங்க் மூடியைத் திறந்து பெட்ரோலை விட ஆரம்பித்தார். 'இருங்க, முதல்ல ஆயில்' என்ற மூன்று சொற்களும் தொண்டையில் இருந்தன. எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்களே என்று விழுங்கினேன். நீ வந்து, "ஊத்திட்டியா?" என்றாய். அத்தனை பேர் முன்னால் இல்லை என்று சொல்லக் கூசி, தலையாட்டினேன். கொஞ்ச தூரம் போனதும் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். காற்று சத்தமாக இருந்தது. அப்புறம் சொல்லலாம், அப்புறம் சொல்லலாம் என்றே பீர்க்கன்கரணை ஏரிக்கரை வரை வந்துவிட்டோம்.

அங்கே எஞ்சின் ஒரு முறை கிறீச்சிட்டு நின்றது. பின்சக்கரம் இழுத்துக்கொண்டு போய், நாம் இருவரும் கருவேலம் புதரோரம் விழுந்தோம். முழங்கை சிராய்ப்போடு நான் அழுதுகொண்டே சொன்னேன். நீ திட்டுவாய் என்று எதிர்பார்த்தேன். என் முழங்கையில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டபடி சொன்னாய், "நீ வாய் திறக்கலேன்னா யாருக்குடீ நஷ்டம்? பங்க்காரனுக்கா? பாரு, வண்டிதான் செத்துக் கிடக்கு."

பாய் சிலிண்டரின் உட்புறத்தைக் கடைந்து, ஒரு சைஸ் பெரிய பிஸ்டன் போட்டுக் கொடுத்தார். "முன்னைக்கி இப்ப இழுவை ஜாஸ்தி" என்றார். வண்டியைக் கொண்டுவந்த அன்று நீ பின்சீட்டில் உட்கார்ந்துகொண்டாய். "இனிமே நீ ஓட்டு. என் முதுகு இருக்கறதாலதான் உனக்கு ஒளிய இடம் கிடைக்குது." ஏரி வற்றியிருந்த அந்தக் கோடையில், வெடித்த களிமண் தரையில் எட்டுப் போட்டுப் பழகினேன். எத்தனை முறை விழுந்தேன் என்று உனக்குத்தான் கணக்குத் தெரியும். லைசென்ஸ் வாங்கினேன். அதற்குப் பிறகு பிரேயர் மணி அடிக்கும்போது ஒரு நாளும் நான் வெளியே நின்றதில்லை.

இன்று காலைக்கு வருகிறேன். பல்லாவரத்துக்காரர் வண்டியைத் தட்டிப் பார்த்தார், டயரை அமுக்கிப் பார்த்தார், முன்பக்கத் தகரத்தைக் கண்டு, "இது இன்னா கூண்டு? கழட்டிடலாம்" என்றார். பிறகு ஆர்.சி. புக்கைப் புரட்டிவிட்டு, "கையெழுத்து யாரு போடணும்?" என்று கேட்டார். அப்பா என்னைக் கூப்பிட்டார். வெள்ளிக்கிழமை என்னைப் பெண் பார்க்க மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள், வாசலில் அந்த வண்டி நிற்கக் கூடாது. அது எனக்கு முந்தின நாளே தெரியும்.

வெளியே வந்தேன். இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். பங்க்கில் பயந்ததும் இதே பார்வைக்குத்தான்.

"விக்கறதுக்கு இல்லைங்க" என்றேன்.

"இன்னாம்மா, உங்கப்பாதானே வரச் சொன்னாரு?"

"வண்டி என் பேர்ல இருக்கு. நான் கையெழுத்து போட மாட்டேன்."

அப்பா குரலைத் தாழ்த்தினார். "மனுஷியே போயிட்டா. இனிமே வண்டி எதுக்கு? அதான் அந்தப் பொண்ணைக் கொண்டுபோச்சுன்னு ஊரே சொல்லுது."

"அவ போனது காமாலையில. வண்டியில இல்ல. ஊரு சொல்றது பொய்ப்பா." கல்லறைத் தோட்டத்தில் சொல்லியிருக்க வேண்டியது. இத்தனை நாள் தாமதமாக, ஆனால் சத்தமாகவே வந்தது. பக்கத்துக் குவார்ட்டர்ஸ் ஜன்னல் திறந்தது. திறக்கட்டும் என்று இருந்தேன். "அவங்க அம்மாவே வண்டியை என்னையே வச்சுக்கச் சொல்லிட்டாங்க. வெள்ளிக்கிழமை வர்றவங்க வண்டியையும் பாத்துட்டுப் போகட்டும். அதுதான் நான் வேலைக்குப் போற வண்டி."

அப்பா தொப்பியை எடுத்துக்கொண்டு டியூட்டிக்குப் போனார். அவர் எங்கே வேலை பார்க்கிறார் என்று உனக்குத் தெரியுமே. லெவல் கிராசிங்கில் கேட்மேன். பள்ளிக்கூடம் போக நான் அவரைத் தாண்டித்தான் ஆக வேண்டும்.

போனேன். கேட் மூடியிருந்தது. மாட்டு வண்டிகளுக்கும் ஒரு லாரிக்கும் நடுவில் எஞ்சினை அணைக்காமல் நின்றேன். அப்பா பச்சைக் கொடியைப் பிடித்திருந்தார், என் பக்கம் திரும்பவில்லை. ரயில் போயிற்று. கோபமோ, வருத்தமோ, ரயில் போன பிறகு கேட்மேன் கேட்டைத் திறந்துதான் ஆக வேண்டும். திறந்தார்.

தண்டவாளத்தில் ஏறும்போது வண்டி குலுங்கியது. பையில் டிபன் பாக்ஸின் மேல் உன் கிளாஸ் மோதி மோதிச் சத்தம் போட்டது. அந்தப் பக்கம் போய் நிறுத்தி, எடுத்துப் பார்த்தேன். கீறல் அப்படியே இருந்தது, உடையவில்லை. நேரே பங்க்குக்குப் போய், பங்க்காரர் கை மூடிக்குப் போவதற்கு முன் சொன்னேன்: "இருங்க. முதல்ல ஆயில்."