அண்ணி வெட்டும் நகம்

அன்புள்ள அம்மாவுக்கு,

முழங்கால் வலி குறைந்ததா? மடத்தில் நாங்கள் எல்லோரும் நலம். இதை அண்ணியை வாசிக்கச் சொல்லாமல் கண்ணாடி போட்டு நீங்களே படியுங்கள்.

நேற்று எங்கள் முதியோர் இல்லத்தில், படுத்த படுக்கையாக இருக்கும் ஒரு அம்மாவுக்குக் கால் நகம் வெட்டிக்கொண்டிருந்தேன்.

"சிஸ்டர், உங்கம்மாவுக்கு யாரு வெட்டிவிடுறா?"

"எங்க அண்ணி."

"அப்போ உங்க அண்ணிதான் குடுத்துவச்சவ!"

கை தவறிவிட்டது. பயப்படாதீர்கள், அவர் விரலில் ஒரு சொட்டு ரத்தம்தான்.

"என்ன சிஸ்டர், வயித்தெரிச்சலா?" என்று அதற்கும் சிரித்தார்.

ஆமாம், அம்மா. யார் யார் கால்களையோ மடியில் வைத்துக்கொள்கிறேன். உங்கள் கால் அண்ணியின் மடியில் இருக்கிறது. பாவசங்கீர்த்தனத்தில் குருவிடம் சொல்லியும் தீரவில்லை.

அடுத்த மாதம் விடுமுறைக்கு வருகிறேன். அதுவரை நகம் வளரட்டும். அண்ணியிடம் ஏதாவது சாக்குச் சொல்லுங்கள். ஜெப மணி அடித்துவிட்டது.

உங்கள் மகள்