பஸ் நிறுத்தம் வரை

பிப்ரவரி 4, செவ்வாய்

இன்று முழுக்க ஒரே திரையோடு மல்லுக்கட்டு. உடற்பயிற்சித் திட்டம் போடும் ஆப். பட்டியலில் ஒரு திட்டத்தைத் தொட்டால் அதன் விவரம் தனித் திரையில் வரவேண்டும்: எங்கிருந்து எங்கே, யாருடன், என்றைக்கு, குறிப்பு. மாதிரிக்கு எதையாவது நிரப்பச் சொல்லியிருந்தார் சென்னை மேலாளர் ஜீவானந்தம். முதல் திட்டமாக நான் எழுதியது: 'வீடு முதல் பஸ் நிறுத்தம் வரை நடை. உடன் வருபவர்: சசிகலா.' கை தானாக எழுதிவிட்டது. போன ஏப்ரலில் என் மனைவி சசிகலாவை மஸ்கட்டுக்கு வழியனுப்ப நடந்த நடை அது. நர்ஸ் வேலை, ஒரு வருட ஒப்பந்தம். இந்த ஏப்ரலில் முடிகிறது.

அம்மா எட்டிப் பார்த்தாள். "நடக்கறதுக்குப் போன் இன்னாத்துக்குடா? சாமைக் கொல்லைக்கு ஒருவாட்டி போய்ட்டு வா, போதும்." சென்னைக்காரங்களுக்குக் கொல்லை இல்லையே அம்மா, என்றேன்.

பிப்ரவரி 9, ஞாயிறு

சோதித்துப் பார்க்க ஆப்பை சசிக்கும் அனுப்பினேன். எங்கள் மலைக் கிராமத்தில் வீட்டுக்குள் சிக்னல் கிடையாது. பாறை மேல் ஏறித்தான் அனுப்ப வேண்டியிருந்தது.

பிப்ரவரி 10, திங்கள்

சசி போனில் சிரிக்கிறாள். "இன்னாங்க, உங்க ஆப்புல எதைத் தொட்டாலும் ஒண்ணேதான் தொறக்குது. யோகாவத் தொட்டேன், பஸ் ஸ்டாப்பு வந்துச்சு. நீச்சலத் தொட்டேன், அதுவும் பஸ் ஸ்டாப்பு!"

பார்த்தால் உண்மைதான். எதைத் தொட்டார்கள் என்பதை அடுத்த திரைக்குச் சொல்லவே மறந்திருக்கிறேன். அது பாட்டுக்கு முதலில் இருப்பதைத் திறக்கிறது. கற்றுக்குட்டி செய்கிற தப்பு.

"சரி பண்ணிடுவீங்களா?" என்றாள். பண்ணாமல்? பிறகு, "டூட்டி முடிச்சு வந்து சும்மா சும்மா தொட்டுப் பாத்துக்கினு இருந்தேன்" என்றாள்.

எப்போதடி வருவாய்?

பிப்ரவரி 13, வியாழன்

சரி செய்தேன். மனசே இல்லாமல்.

பிப்ரவரி 20, வியாழன்

புதுத் திட்டம் சேர்க்கும் வசதி முடிந்தது. சோதனைக் கணக்கு எங்கள் இருவருக்கும் ஒன்றுதான். அவள் சேர்த்தால் எனக்கும் தெரியும்.

நாங்கள் கட்டிக்கொண்டிருக்கும் புது வீட்டின் சுவர்களுக்கு நடுவே உட்கார்ந்து எழுதுகிறேன். கூரை இல்லை. ஏப்ரலில் அவள் வந்தபின் சேர்ந்து பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டிருக்கிறேன். சமையல் மேடை எந்தப் பக்கம் வேண்டும் என்று அவள்தானே சொல்ல வேண்டும்?

பிப்ரவரி 27, வியாழன்

சசியின் வாய்ஸ் மெசேஜ்: "தேதி மூணு மாசத்துக்கு மேல போவ மாட்டேங்குது. இன்னும் தள்ளி வெக்கிற மாதிரி பண்ணுங்க."

அந்த எல்லை ஜீவானந்தம் வைக்கச் சொன்னது. உடற்பயிற்சிக்கு அதற்குமேல் யார் திட்டம் போடுவார்கள்? அப்படியே பதில் போட்டேன். பாறையிலிருந்து இறங்கும்போதுதான் உறைத்தது. ஏப்ரல் மூன்று மாதத்துக்குள்தானே வருகிறது?

பிப்ரவரி 28, வெள்ளி

கேட்டே விட்டேன்.

"இன்னும் ஒரு வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டுட்டேங்க. கூரை போட்டுடலாம். வாயத் தொறந்து சொல்ல வரல, அதான்..."

நான் என்ன பேசினேன்? நீ இல்லாத வூட்டுக்குக் கூரை இன்னாத்துக்குடி — கத்திட்டேன். மலையே கேட்டிருக்கும். அழுதாளா, தெரியவில்லை. சிக்னல் போய்விட்டது.

மார்ச் 2, ஞாயிறு

எழுதப் பிடிக்கவில்லை.

மார்ச் 6, வியாழன்

தேதி எல்லையை இரண்டு வருடமாக்கலாமா என்று ஜீவானந்தத்திடம் கேட்டேன். "அவ்ளோ தூரம் யாருங்க கேட்டாங்க, தீர்த்தகிரி?" ஒரு பயனர், என்றேன். சிரித்துக்கொண்டே சரி என்றார். மாற்றி அனுப்பிவிட்டேன். சசிக்கு வேறெதுவும் எழுதவில்லை. எழுதியிருக்கலாம்.

மார்ச் 9, ஞாயிறு

காலையில் பாறை மேல் ஏறினேன். பட்டியலில் புதிதாக ஒன்று. தொட்டேன். தொட்டதுதான் திறந்தது.

'பஸ் நிறுத்தம் முதல் புது வீடு வரை நடை. உடன் வருபவர்: தீர்த்தகிரி. தேதி: ஏப்ரல் 19, 2026. குறிப்பு: பெட்டி கனமா இருக்கும். இருந்தாலும் பைக் எடுத்தாராதீங்க. நடந்தே போலாம்.'

கீழே 'சம்மதம்' பொத்தான். உடன் வருபவர் அழுத்துவதற்காக நான் வைத்ததுதான். அடுத்த வருடத் தேதியையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு அழுத்தினேன்.

இறங்கும் முன் அங்கிருந்தே கொத்தனார் ராஜவேலுவுக்குப் போன் போட்டேன். கூரை வேலையை எப்போது ஆரம்பிக்கலாம் என்று கேட்டேன்.