ஒட்டாத நோய்

லாங் மவுண்டன்,
1926

மச்சான்,

உங்கள் தங்கைக்கு வந்திருப்பது குஷ்டம் இல்லை. போர்ட் லூயிஸ் டாக்டர் தோலைச் சிறிது வெட்டிப் பார்த்துச் சொன்னார்: அபூர்வமான தோல் புற்றுநோய், யாருக்கும் ஒட்டாது. இப்போது மூளைக்கும் பரவிவிட்டது.

தீமிதிக்கு வந்தவளைக் கோயில் வாசலில் நிறுத்தி, "ஊருக்கே ஒட்டவைக்கப் பார்க்கிறாயா? தள்ளிப் போ!" என்று விரட்டினீர்களே, கோயில் தலைவரே!

அதை அவள் மறந்துவிட்டாள். என்னையும் மறந்துவிட்டாள். "அண்ணன் வந்தாச்சா?" என்று மட்டும் கேட்கிறாள். "வந்துட்டேன் தங்கச்சி" என்று நான் உங்களைப் போலப் பேசி அவள் கையைப் பிடித்துக்கொள்கிறேன். உடனே சிரிக்கிறாள். எனக்கு உங்கள் மேல் ஆத்திரம் வருகிறது.

இதைவிடக் கடுமையாக எழுத எனக்கு வரவில்லை. அந்தச் சிரிப்பு உங்களுக்குச் சேர வேண்டியது. வந்து வாங்கிக்கொள்ளுங்கள்.

உங்கள் தங்கையின் கணவன்